மஸ்தாவா, சுபாருவா? இரண்டு சிறிய ஜப்பானிய நிறுவனங்களும் அவற்றின் கார்களை வைத்திருப்போர் சொல்வதும்

ஜப்பானியக் கார்தான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் டொயோட்டாவிலோ ஹோண்டாவிலோ போய் நிற்கிறார்கள். அவற்றைத் தாண்டி யோசிக்கிறவர்கள் கடைசியில் எடைபோட்டுப் பார்ப்பது மஸ்தாவையும் சுபாருவையும்தான். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் நடுத்தர அளவுள்ள குடும்ப எஸ்யூவி ஒன்றைத் தேடுகிறவர் மஸ்தா சிஎக்ஸ்-5, சுபாரு ஃபாரஸ்டர் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். விலையும் அளவும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறி அமர்ந்த சில நிமிடங்களிலேயே இவை வெவ்வேறு மனிதர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பது புரிந்துவிடும்.

இந்த வேறுபாட்டின் வேர் இரண்டு நிறுவனங்களின் வரலாற்றில் இருக்கிறது. மஸ்தா ஆண்டுக்கு ஏறத்தாழ 12 இலட்சம் கார்களை விற்கிறது. சுபாரு 10 இலட்சத்தை ஒட்டி நிற்கிறது. ஒரு கோடியைத் தொடும் டொயோட்டாவின் முன் இவை மிகச் சிறியவை. இத்தனை சிறிய நிறுவனங்கள் அழியாமல் நின்றதற்குக் காரணம், மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு எஞ்சினை இரண்டும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டதுதான். மஸ்தா தன் எஞ்சினை அன்றாடக் கார்களிலிருந்து விலக்கிவிட்டது. சுபாரு இன்றும் தன் எஞ்சினை விடவில்லை. இன்றைய உரிமையாளர்களின் பாராட்டுகளிலும் புகார்களிலும் பெரும்பகுதியை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது என் கணிப்பு.

ஹிரோஷிமாவும் ஓட்டாவும்

மஸ்தா 1920-இல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யும் தொழிற்சாலையாகத் தொடங்கியது. அன்று அதன் பெயர் டோயோ கார்க் கோக்யோ. அடுத்த ஆண்டு தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜுஜிரோ மட்சுதா, தக்கையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கண்டு இயந்திரத் தொழிலுக்குத் திரும்பினார். 1931-இல் மஸ்தா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி வெளிவந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது, நகருக்குக் கிழக்கே ஃபுச்சூவில் இருந்த தொழிற்சாலையை ஹிஜியாமா குன்று ஓரளவு மறைத்துக் காத்தது. நகரின் கட்டடங்கள் தரைமட்டமாகிவிட்ட நிலையில் ஹிரோஷிமா மாவட்ட நிர்வாகம் பல மாதங்கள் அந்த நிறுவனத்தின் கட்டடத்திலிருந்தே இயங்கியது; காயமடைந்தவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டிகளின் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. பிழைத்த ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்து வளர்ந்ததால் இன்றும் ஹிரோஷிமா மக்கள் அந்த நிறுவனத்தைத் தங்கள் ஊரின் அடையாளமாகவே பார்க்கிறார்கள்.

சுபாருவின் தொடக்கம் விமானத்தில். கடற்படைப் பொறியாளராக இருந்து விலகிய சிக்குஹே நகாஜிமா, 1917-இல் குன்மா மாவட்டத்தின் ஓட்டா நகரில் விமான ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அது வளர்ந்து நகாஜிமா விமான நிறுவனமாகி, ஹயபுசா போர் விமானத்தையும், ஜீரோ போர் விமானத்துக்குப் பொருத்தப்பட்ட சகாயே எஞ்சினையும் தயாரித்தது. போருக்குப் பின் வெற்றி பெற்ற நாடுகள் அந்த நிறுவனத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்தன. விமானம் செய்யத் தடை இருந்ததால் அந்தப் பொறியாளர்கள் எஞ்சிய பொருள்களைக் கொண்டு ராபிட் என்ற ஸ்கூட்டரைச் செய்தார்கள். பிரிந்த நிறுவனங்களில் ஐந்து 1953-இல் ஒன்றுகூடி ஃபுஜி கனரகத் தொழில் நிறுவனமாயின. சுபாரு இலச்சினையில் உள்ள ஆறு நட்சத்திரங்களில் பெரியது இந்தப் புதிய நிறுவனத்தையும் மற்ற ஐந்தும் ஒன்றுசேர்ந்த நிறுவனங்களையும் குறிக்கின்றன. 1958-இல் ஷின்ரோக்கு மொமோசே என்ற பொறியாளர் உருவாக்கிய சுபாரு 360 என்ற குட்டிக் கார் ஜப்பானில் பெரும் வெற்றி பெற்றது. அதே கார் 1968-இல் மால்கம் பிரிக்லின் என்ற வணிகர் வழியாக அமெரிக்கா போனபோது, நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அதை 'ஏற்கத்தக்கதல்ல' என்று மதிப்பிட்டது. அதே அமெரிக்காதான் இன்று சுபாருவின் மிகப் பெரிய சந்தை.

இந்தியாவில் இந்த இரண்டு நிறுவனங்களும் கார் விற்பதில்லை. ஆனாலும் மஸ்தா என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. பஞ்சாபில் தயாரான ஸ்வராஜ் மஸ்தா வேன்களும் சிறு பேருந்துகளும் தமிழ்நாட்டுச் சாலைகளில் பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டாரையும் ஏற்றிச் சென்றவை. இலங்கையில் மஸ்தா ஃபெமிலியா பல நடுத்தரக் குடும்பங்களின் காராக இருந்தது. சுபாருவுக்கு அப்படியொரு அறிமுகம் நம்மிடையே இல்லை. வெளிநாடு போன பிறகே பெரும்பாலான தமிழர்கள் அந்தப் பெயரைக் கேட்கிறார்கள்.

இரண்டு எஞ்சின்கள், இரண்டு பிடிவாதங்கள்

1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு, நாட்டில் கார் நிறுவனங்கள் அதிகம் என்றும் சிறியவை பெரியவற்றோடு இணைய வேண்டும் என்றும் நினைத்தது. தன் தனித்தன்மையை நிலைநாட்ட வேண்டிய கட்டாயத்தில் மஸ்தாவின் தலைவர் சுனேஜி மட்சுதா 1961-இல் மேற்கு ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடமிருந்து ரோட்டரி எஞ்சினுக்கான உரிமத்தைப் பெற்றார். பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதற்குப் பதிலாக, முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று முட்டை போன்ற அறைக்குள் சுழல்வதே அதன் அமைப்பு. அளவில் சிறியது, எடை குறைந்தது, அதிர்வு மிகக் குறைவு. ஆனால் முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் அறையின் சுவரில் உரசி உரசி வரிவரியாகக் கீறல் போட்டன. கெனிச்சி யாமாமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் அந்தக் கீறல்களோடு பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'. கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. உரிமம் வாங்கிய மற்றப் பெரிய நிறுவனங்கள் கைவிட்ட எஞ்சினை இந்தச் சிறிய நிறுவனம்தான் இலட்சக்கணக்கில் தயாரித்துக் காட்டியது. 1991-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை 787பி என்ற ரோட்டரி கார் வென்றபோது, அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் என்ற பெருமை மஸ்தாவுக்குக் கிடைத்தது.

ஆனால் அந்த எஞ்சினின் விலையை நிறுவனம் ஏற்கெனவே கொடுத்திருந்தது. ரோட்டரி பெட்ரோலைக் குடிக்கும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்க விற்பனை சரிந்து, சுமிட்டோமோ வங்கி தலையிட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. ஆலைத் தொழிலாளர்களைக் கார் விற்கும் வேலைக்கு அனுப்பும் நிலை வந்தது. 1979-இல் ஃபோர்டு 25 விழுக்காடு பங்குகளை வாங்கியது. 1996-இல் அது 33.4 விழுக்காடாக உயர்ந்து, ஹென்றி வாலஸ் என்ற வெளிநாட்டவர் தலைவரானார். ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றின் தலைமைக்கு வெளிநாட்டவர் வந்தது அதுவே முதல் முறை. 2008-இன் பொருளாதார நெருக்கடியில் ஃபோர்டு தன் பங்குகளில் பெரும்பகுதியை விற்று விலகத் தொடங்கியதும் மஸ்தா மறுபடியும் தனித்து நின்றது. ரோட்டரி பொருத்திய கடைசி விளையாட்டுக் காரான ஆர்எக்ஸ்-8-இன் உற்பத்தி 2012-இல் முடிந்தது. மற்றக் கார்கள் அனைத்துக்கும் ஸ்கைஆக்டிவ் என்ற புதிய எஞ்சின் வரிசை வந்தது.

மஸ்தாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரோட்டரியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கோ ஸ்கைஆக்டிவ்தான் அந்த நிறுவனத்தின் பெரிய சாதனையாகத் தெரிகிறது. அதில் புதுமையான வடிவம் ஏதும் இல்லை. வழக்கமான நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான். ஆனால் அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சின்களின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு) 10-க்கும் 11-க்கும் அருகே இருந்தபோது மஸ்தா அதை 14-க்கு உயர்த்தியது. அமெரிக்காவில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலுக்காக 13 என்று வைத்தது. இவ்வளவு அழுத்தினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டும். அதைத் தடுக்க, வெப்பப் புகை சிலிண்டருக்குள் திரும்பி வராதபடி நீண்டு வளைந்த புகைக்குழாய்களை அமைத்தார்கள். அந்தக் குழாய்க்கு இடம் வேண்டும் என்பதற்காகக் காரின் முன்பகுதியையே புதிதாக வடிவமைத்தார்கள். மற்ற நிறுவனங்கள் டர்போவையும், தனித்தனி கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி கியர்பாக்ஸையும் நாடிய காலத்தில் மஸ்தா டர்போ இல்லாத எஞ்சினையும் வழக்கமான ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கையும் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தது. 2012-இல் வந்த சிஎக்ஸ்-5 இவற்றையெல்லாம் முழுமையாகக் கொண்ட முதல் கார்.

சுபாருவின் பிடிவாதம் பாக்ஸர் எஞ்சின். 1966-இன் சுபாரு 1000 தொடங்கி இன்றைய ஃபாரஸ்டர் வரை நிறுவனத்தின் முதன்மைக் கார்களில் அதுவே இருக்கிறது. பிஸ்டன்கள் நிமிர்ந்து நிற்காமல் இருபுறமும் படுத்தபடி எதிரெதிராக இயங்குவதால் ஒன்றின் அதிர்வை மற்றொன்று தணிக்கும். எஞ்சின் தட்டையாக இருப்பதால் காரின் எடை தாழ்வாக அமையும். இவற்றைவிடப் பெரிய பயன் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. பாக்ஸர் எஞ்சினும் கியர்பாக்ஸும் காரின் நீளவாக்கில் ஒரே நேர்க்கோட்டில் அமைவதால் பின் சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டுபோவது எளிது. வடகிழக்கு ஜப்பானின் டொஹோக்கு மின் நிறுவனம், பனிக்காலத்தில் மலைப்பகுதி மின்கம்பிகளைப் பார்வையிட ஜீப்பைவிட வசதியான வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. சுபாருவின் வேன் ஒன்றில் நான்கு சக்கர இயக்கம் பொருத்தப்பட்டது. அந்த முயற்சியிலிருந்து 1972-இல் லியோன் நான்கு சக்கர இயக்கக் கார் பிறந்தது. கரடுமுரடான பாதைக்கான வண்டிகளில் மட்டும் இருந்த ஒன்று, வீட்டுக்கு வாங்கும் காரில் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

1990-களில் அமெரிக்காவில் விற்பனை சரிந்து தடுமாறியபோது, பெரிய நிறுவனங்களோடு எல்லா வகையிலும் மோதுவதை விட்டுவிட்டு, விற்கும் கார் ஒவ்வொன்றுக்கும் நான்கு சக்கர இயக்கம் என்ற முடிவுக்குச் சுபாரு வந்தது. அவுட்பேக், ஃபாரஸ்டர் இரண்டும் அந்த முடிவின் பிள்ளைகள். அதே பத்தாண்டில் உலக ரேலி போட்டிகளில் நீல நிற இம்ப்ரெஸா 1995 முதல் 1997 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. கோலின் மெக்ரே, ரிச்சர்ட் பர்ன்ஸ், பீட்டர் சோல்பர்க் ஆகிய மூவர் அந்தக் காரில் ஓட்டுநர் பட்டம் பெற்றார்கள். நிறுவனத்தின் பங்குகள் நிசானிடமிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கும் பிறகு டொயோட்டாவுக்கும் கைமாறின. இன்று டொயோட்டாவிடம் சுபாருவின் ஐந்தில் ஒரு பங்கும் மஸ்தாவின் ஏறத்தாழ 5 விழுக்காடும் உள்ளன. ஆகவே இந்த இரண்டு போட்டியாளர்களின் பின்னாலும் இன்று ஒரே பெரிய நிறுவனம் நிற்கிறது.

சுபாரு வைத்திருப்போர் சொல்வது

சுபாரு உரிமையாளர்களிடம் இருக்கும் பற்று மற்றக் கார் வைத்திருப்போரிடம் எளிதில் காணக் கிடைக்காதது. பனி கொட்டும் வெர்மான்ட், கொலராடோ போன்ற மாநிலங்களில் ஒரு சுபாரு முடிந்ததும் அடுத்த சுபாரு வாங்கும் குடும்பங்கள் ஏராளம். அதற்கு முதல் காரணம், சறுக்கும் சாலையில் அது தரும் துணிவு. ஃபாரஸ்டரின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் உயரம். சிஎக்ஸ்-5 அதைவிடச் சில சென்டிமீட்டர் தாழ்வு. வாசலில் பனிகூட்டும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன குவியலைக் காலையில் தாண்டிப் போக வேண்டியவருக்கு அந்தச் சில சென்டிமீட்டரின் அருமை தெரியும். இரண்டாவது காரணம், ஃபாரஸ்டரின் கண்ணாடிகள். உயர்ந்த கூரை, அகன்ற சன்னல்கள், மெல்லிய தூண்கள். ஓட்டுநர் தலையைத் திருப்பினால் நாற்புறமும் தெரிகிறது. வயதான பெற்றோர் குனியாமல் ஏறி இறங்க முடிகிறது. மூன்றாவது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு கேமராக்கள் சாலையைக் கவனித்துத் தேவைப்பட்டால் தாமே பிரேக் போடும் ஐசைட் அமைப்பு. ஜப்பானில் 2008-இல் அறிமுகமான இதை விலை குறைந்த மாடல்களிலும் கொடுத்தது சுபாருவுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது.

புகார்களும் குறைவில்லை, அவற்றில் பெரும்பாலானவை அந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சுற்றியே வருகின்றன. 1990-களின் பிற்பகுதியிலிருந்து வந்த இஜே25 என்ற 2.5 லிட்டர் எஞ்சினில், எஞ்சினின் உடலுக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் கசிவு, பழைய சுபாரு என்றதும் மெக்கானிக்குகள் முதலில் கேட்கும் கேள்வி. முந்தையவற்றில் கசிவு உள்ளுக்குள் நடந்து எஞ்சின் சூடேறும். பிந்தையவற்றில் கூலன்டும் ஆயிலும் மெல்ல வெளியே கசியும். நிமிர்ந்த எஞ்சினில் ஒரு ஹெட் என்றால் பாக்ஸரில் இரண்டு. ஆகவே வேலையும் கூலியும் கூடுதல். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போட்டுச் சரிசெய்த பிறகு அதே எஞ்சின் நெடுநாள் ஓடுகிறது என்று சொல்பவர்களும் உண்டு.

அதற்குப் பின் வந்த எஃப்பி எஞ்சினில் கேஸ்கெட் சிக்கல் பெரிதும் ஒழிந்து, டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி வந்தது. ஆனால் 2011 முதல் 2014 வரையிலான மாடல்களில் ஆயில் குறைவதாகப் புகார் எழுந்தது. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அமெரிக்க உரிமையாளர்கள் வழக்குப் போட்டு, 2016-இல் சமரசத்தில் வாரன்டி நீட்டிப்பைப் பெற்றார்கள். 2010 முதல் பரவலாக வந்த சிவிடி கியர்பாக்ஸின் வாரன்டியையும் நிறுவனம் அமெரிக்காவில் 10 ஆண்டு அல்லது 1 இலட்சம் மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது. கார் சில நாள் நின்றாலே பேட்டரி இறங்கிவிடுவது, முன்கண்ணாடி எளிதில் விரிசல் விடுவது ஆகிய இரண்டும் அடிக்கடி காதில் விழும் குறைகள். ஐசைட் உள்ள காரில் கண்ணாடி மாற்றினால் கேமராக்களையும் சரிபார்த்துப் பொருத்த வேண்டும் என்பதால் செலவு அதோடு நிற்பதில்லை.

பானட்டைத் திறந்து பார்த்தால் இந்த எஞ்சினின் நல்லதும் கெட்டதும் ஒருசேரத் தெரியும். எஃப்பி எஞ்சினில் ஆயில் ஃபில்டர் எஞ்சினின் மேலேயே, ஒரு சிறு கிண்ணத்துக்குள் தலைகீழாக நிற்கிறது. காருக்கு அடியில் படுக்காமல், கையில் ஆயில் வழியாமல் கழற்றி மாற்றலாம். இவ்வளவு அக்கறையாக யோசித்தவர்களின் காரில் ஸ்பார்க் பிளக்குகளோ எஞ்சினின் இரு விலாப்புறங்களில், காரின் சட்டத்தைப் பார்த்தபடி ஒளிந்திருக்கின்றன. ஒருபுறம் பேட்டரியையும் மறுபுறம் காற்றுக் குழாய்ப் பெட்டியையும் அகற்றி, நீட்டுக்கோலைத் துண்டுதுண்டாக உள்ளே விட்டு இணைத்துத்தான் திருக வேண்டும். மஸ்தாவின் நிமிர்ந்த எஞ்சினில் நான்கு பிளக்குகளும் மேலே வரிசையாக நிற்கும். சாதாரண மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை.

மஸ்தா வைத்திருப்போர் சொல்வது

மஸ்தா உரிமையாளர்கள் முதலில் பேசுவது ஓட்டுவதன் இன்பத்தைப் பற்றித்தான். 1989-இல் வந்த எம்எக்ஸ்-5 என்ற இருவர் அமரும் திறந்த கார் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்று, அவ்வகைக் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றதாக இருக்கிறது. குதிரையும் வீரனும் ஒன்றாவது போல ஓட்டுநரும் காரும் ஒன்றாக வேண்டும் என்று அந்தக் காருக்கு வகுத்த கொள்கையைப் பிறகு குடும்பக் கார்களுக்கும் கொண்டுவந்தார்கள். சிஎக்ஸ்-5-இல் ஆக்சிலரேட்டர் பெடல் மேலிருந்து தொங்காமல் தரையில் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. குதிகாலைத் தரையில் ஊன்றி வைத்தபடி நுனிக்காலால் அளந்து மிதிக்கலாம். நீண்ட பயணத்தில் கணுக்கால் வலிக்கவில்லை என்று உரிமையாளர்கள் சொல்வதற்கு இத்தகைய சிறு கவனங்களே காரணம். ஸ்டீயரிங்கின் கனம், கியர் மாறும் தெளிவு, உள்ளே தையலும் துணியும் தோலும் கூடிவந்திருக்கும் விதம் ஆகியவற்றில் அந்த விலைக்கு இதைவிட நல்ல கார் கிடைப்பது அரிது.

டர்போ இல்லாத 2.5 லிட்டர் ஸ்கைஆக்டிவ் எஞ்சினைப் பற்றிப் பேச உரிமையாளர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எஞ்சினுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் இந்த நற்பெயர் எல்லா மஸ்தாவுக்கும் பொருந்தாது. ஆர்எக்ஸ்-8 வாங்கியவர்கள் பெட்ரோலோடு ஆயிலையும் ஊற்றினார்கள். சற்று நகர்த்தி நிறுத்துவதற்காகக் குளிர்ந்த எஞ்சினை ஓட்டி உடனே அணைத்தால் அடுத்த முறை அது பெட்ரோலில் மூழ்கிக் கிளம்ப மறுத்தது. சீல் தேய்ந்து அழுத்தம் குறைந்த எஞ்சின்கள் மிகுந்ததால் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு அமெரிக்காவில் எஞ்சின் வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1 இலட்சம் மைல் என்று நீட்டினார்கள். 2.2 லிட்டர் டீசல் எஞ்சினில் புகைக்கரி படிவதும் எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து அளவு கூடுவதும் தொல்லையாயின. ஆஸ்திரேலியாவில் பழுதான கார்களுக்குப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை பற்றி வாடிக்கையாளர்களிடம் தவறான தகவல் சொன்னதாக மஸ்தாவின் அந்நாட்டு நிறுவனத்துக்கு எதிராக 2021-இல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டர்போ எஞ்சின்கள் சிலவற்றில் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுக் கூலன்ட் கசிந்த புகாரும் உண்டு.

துருவைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புத் தூவும் ஒன்டாரியோ, கியூபெக் சாலைகளில் முதல் தலைமுறை மஸ்தா 3, மஸ்தா 6 ஆகியவற்றின் பின்சக்கர வளைவுகள் துருப்பிடித்து உதிர்ந்தன. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, உடல் கரைந்து போனதைக் கண்டவர்கள் கனடாவில் பலர். மஸ்தா என்றதும் இன்றும் அவர்கள் தயங்குவது அதனால்தான். ஸ்கைஆக்டிவ் காலத்துக் கார்களில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மஸ்தாவின் கணக்கில் எழுத வேண்டிய வினோதமான பழுது ஒன்று உண்டு. மஸ்தா 6-இன் சில கார்களில் பெட்ரோல் தொட்டியின் காற்றுக் குழாய்க்குள் மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று புகுந்து கூடு கட்டியது. குழாய் அடைத்து, தொட்டிக்குள் அழுத்தம் மாறி, விரிசல் விட வாய்ப்பு இருப்பதாகக் கண்டு 2011-இல் பல்லாயிரம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2014-இல் மறுபடியும் அழைத்தார்கள். பெட்ரோல் வாடை அந்தச் சிலந்தியை ஈர்க்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம்.

சிஎக்ஸ்-5 பற்றிய அன்றாடக் குறைகள் வேறு வகை. பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பின்னோக்கிப் பொருத்தினால் முன்னால் அமர்பவரின் முழங்கால் இடிக்கும். டிக்கியும் ஃபாரஸ்டரைவிடச் சிறியது. சாய்ந்த கூரையும் உயர்ந்த கதவுகளும் அழகைக் கூட்டினாலும் பின்னால் பார்க்கும் பார்வையைக் குறைக்கின்றன. கார் ஓடும்போது தொடுதிரையை முடக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரு திருகுமிழ் கொண்டு இயக்கவைத்த அமைப்பைச் சிலர் பாதுகாப்பு என்று பாராட்டினார்கள்; பலர் எரிச்சலடைந்தார்கள். எனக்கு அந்தத் திருகுமிழ் பிடித்தே இருந்தது, ஏனெனில் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலாலேயே எண்ணிக்கொண்டு போகலாம். 2025-இல் காட்டப்பட்ட மூன்றாம் தலைமுறை சிஎக்ஸ்-5-இல் பின்னிருக்கை இடத்தைக் கூட்டியிருக்கிறார்கள். திருகுமிழை எடுத்துவிட்டுப் பெரிய தொடுதிரையை வைத்திருக்கிறார்கள்.

எது யாருக்கு

மைலேஜில் ஃபாரஸ்டர் முந்துகிறது. 2022-ஆம் ஆண்டு மாடல்களுக்கு அமெரிக்க அரசின் மதிப்பீடு, டர்போ இல்லாத நான்கு சக்கர இயக்கக் கார்களில், ஃபாரஸ்டருக்குக் கேலனுக்கு 29 மைல், சிஎக்ஸ்-5-க்கு 26 மைல். இதில் சிவிடி கியர்பாக்ஸின் பங்கு பெரிது. ஆனால் அதே சிவிடி, மேட்டில் ஏறும்போது எஞ்சினை ஒரே சுருதியில் இரையவிட்டு வேகத்தைப் பின்னால் கொண்டுவருகிறது. மஸ்தாவின் ஆறு கியர்கள் உடனுக்குடன் பதில் சொல்கின்றன. குதிரைத்திறன் 182-க்கு 187 என்று காகிதத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஓட்டுகையில் சிஎக்ஸ்-5 உயிர்ப்புள்ள காராக உணர்வதற்குக் கியர்பாக்ஸே காரணம்.

நெடுநாள் உழைப்பது எது என்ற கேள்விக்குக் காலத்தைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுக்கும் நம்பகத்தன்மைப் பட்டியலில் 2020-இல் மஸ்தா முதலிடம் பெற்றது. 2024-இல் அதே இடத்தைச் சுபாரு பிடித்தது. பாக்ஸரைக் கைவிடாமல் ஒவ்வொரு பழுதாகத் திருத்திவந்த சுபாரு, மஸ்தா ஒரே தாவலில் அடைந்த இடத்தைப் பத்து ஆண்டுக்கும் மேலான உழைப்பில் அடைந்திருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் செலவை உரிமையாளர்கள் தாங்கினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

புதுக் கார் வாங்கும் வசதி இருந்து, வீட்டில் பெரியவர்களும் சிறு குழந்தைகளும் இருந்து, ஆண்டில் நான்கைந்து மாதம் பனியில் ஓட்ட வேண்டியிருந்தால் ஃபாரஸ்டரையே சொல்வேன். காரில் பெரும்பாலும் ஓரிருவரே போகிறீர்கள், நெடுஞ்சாலைப் பயணம் அதிகம், ஓட்டுவதில் உங்களுக்கு ஈடுபாடு உண்டு என்றால் சிஎக்ஸ்-5-ஐ விட்டுவிடாதீர்கள். மஸ்தாவின் நான்கு சக்கர இயக்கமும் நகரப் பனிக்குப் போதுமானதே. நல்ல பனிக்கால டயர் போட்ட மஸ்தா, தேய்ந்த டயரோடு ஓடும் சுபாருவைவிடப் பாதுகாப்பானது.

பழைய காருக்கு என் கணக்கு இன்னும் தெளிவானது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கார்களில் 2.5 லிட்டர் டர்போ இல்லாத ஸ்கைஆக்டிவ் பொருத்திய சிஎக்ஸ்-5-ஐ முதலில் தேடுங்கள். அதே வயதுள்ள ஃபாரஸ்டரைச் சர்வீஸ் இரசீதுகள் முழுமையாகக் கையில் இருந்தால் மட்டும் எடுங்கள். சுபாருவைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஆயில் அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். கடைசி சர்வீஸ் எப்போது நடந்தது என்பதோடு அந்த அளவை ஒப்பிட்டால் ஆயில் குடிக்கும் எஞ்சினா என்பது விளங்கும். பிறகு இருபுறமும் ஹெட்டின் அடிவிளிம்பில் விளக்கடித்து ஈரக் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, கார் சூடேறிய பின் நின்ற இடத்திலிருந்து மெல்ல நகர்த்தி, கியர்பாக்ஸ் உதறுகிறதா என்று கவனியுங்கள். மஸ்தாவானால் பின்சக்கர வளைவின் உள்மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள். வண்ணம் கொப்புளித்திருந்தால் அதற்கடியில் தகடு ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.